லெட்சுமணன், ஜே.

ஜீவிதா அப்பாவுக்கு,

அவளுடைய ஆய்வுக் கட்டுரை அச்சாகி ஒரு வருஷம் ஆகிவிட்டது. கிள்ளானில் வீடு உடைக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியேதான் மேற்கோள் பட்டியலைத் திருத்தி அனுப்பினாள்.

நேற்று அவளுடைய சிநேகிதி சஹர் சுபாங் ஜெயாவிலிருந்து வந்து, அதை மேற்கோள் காட்டி மற்றவர்கள் எழுதியதையெல்லாம் காட்டினாள். எங்கே பார்த்தாலும் ‘லெட்சுமணன் கூறுவதுபோல’ என்றுதான் இருக்கிறது. ஜீவிதா எங்கே என்று கேட்டேன்.

“அப்பா பேரக் குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க ஆன்டி. அவ பேரு ஜே மட்டும்தான் லா.”

கட்டுரை வெளியான இதழின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். கட்டுரையாளரே கையெழுத்துப் போட்டுக் கேட்டால்தான் மாற்றுவார்களாம். சரி என்று வைத்துவிட்டேன்.

அவளை எடுத்த அன்றைக்கு, நீங்கள் வராததற்கு உங்களுக்கு வேலை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கொள்ளி வைத்தது என் தம்பி.

கட்டுரையின் முதல் பக்கத்தில் அவள் பெயரும் உங்கள் பெயரும் முழுதாக இருக்கின்றன. ஜொகூரில், இப்போது நீங்கள் இருக்கும் வீட்டில், யாராவது அதைப் பார்த்துவிட்டு “இது உங்க மகளா?” என்று கேட்கலாம். எப்போதும் சொல்வதுபோல இல்லை என்றே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா