சாம்பல் கோளில் விட்டுவந்தவர்

பாப்பாமோட்டை
03.06.2023

பிள்ளையார் துணை

அன்புள்ள சிசிலியா அக்காவுக்கு,

சிவலட்சுமி எழுதுகிறேன். யுத்தம் முடிந்த வருசம் வவுனியா முகாமில் உங்களோடு ஒரே கூடாரத்தில் இருந்த பாப்பாமோட்டைச் சிவலட்சுமிதான். பதினாலு வருசமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று நினைப்பீர்கள். நினைக்க வேண்டியதுதான். இங்கே மீன் கொண்டு வருகிற அன்ரனி உங்கள் ஊர்க்காரன் என்று போன கிழமைதான் தெரிந்தது. உங்களுக்குக் காது மந்தம், போனில் கத்த வேண்டும் என்றான். நான் சொல்ல வருவது கத்திச் சொல்லக்கூடியது அல்ல. அதனால் இதை அவன் கையில் கொடுத்து விடுகிறேன்.

என் பேத்தி துசாந்தினியை ஞாபகம் இருக்கும். தாய் தகப்பனை இழந்து, ஆறு வயதில் என் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி திரிந்தாளே. உங்கள் வீட்டுக்காரர் யாகப்பர் அண்ணன் "வால்" என்று கூப்பிடுவாரே, அவள்தான். இப்போது படம் எடுக்கிறாள். கலியாண வீட்டுப் படம் அல்ல, கதைப் படம். பேர் "சாம்பல் கோள்". இன்னும் இருநூறு வருசம் கழித்து நடக்கிற கதையாம். ஆகாயத்தில் ஒரு கோள், அது முழுக்கச் சிறை. எங்கள் ஊரில் பாழடைந்து கிடக்கிற நெல் ஆலைதான் அந்தக் கோள். சுவரெல்லாம் பால்மா பக்கற்றின் உள்பக்கம் ஒட்டியது. காவல்காரருக்கு ஹெல்மெற்றில் வெள்ளிப் பூச்சு. விண்கப்பல் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி. எடுக்கும்போது பார்த்தால் சிரிப்பு வரும், திரையில் பார்த்தால் பயம் வரும். மன்னாரில் ஒரு மண்டபத்தில் போட்டார்கள். இருநூறு பேர் கைதட்டினார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் பேத்தியின் பேர் திரையில் வந்தபோது பக்கத்துக் கதிரைக்காரிக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்.

கதை என்னவென்றால், ஒரு கிழவியும் பேத்தியும் அந்தச் சிறையிலிருந்து தப்புகிறார்கள். வெளியே போக ஒரேயொரு ஒளிச்சீட்டுத்தான் இருக்கிறது. அது கிழவியின் சிநேகிதியுடையது. "உன்னட்டச் சின்னன் இருக்கு, நீ போ" என்று அவ கொடுத்துவிடுகிறா. அந்த இடத்தில் சனம் அழுதது. அந்தச் சிநேகிதி நீங்கள்தான். நான் துசாந்தினிக்குச் சொல்லி வளர்த்த கதை அது.

இப்போது இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறாள். படம் பார்த்த எல்லோரும் ஒன்றைத்தான் கேட்டார்களாம், அந்த விட்டுவந்த மனுசி என்ன ஆனா என்று. ஆகையால் இரண்டாம் பாகம் அவ தப்பி வருகிற கதை. நீங்கள் எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்க இந்த மாதம் உங்கள் ஊர் அரிப்புக்கு வருகிறாள்.

அக்கா, பிள்ளை கேட்டால் நீங்களே எங்களைப் போகச் சொன்னதாகச் சொல்லிவிடுங்கோ. அவளுக்கு நான் ஒருத்திதான். எனக்கும் அவள் ஒருத்திதான்.

யாகப்பர் அண்ணன் முகாமிலேயே கண்ணை மூடியதைக் கேள்விப்பட்டேன். ஆண்டுத் திருப்பலிக்கு வர நினைத்தேன். விதைப்பு நேரமாகிப் போனது.

அன்பு மறவாத தங்கச்சி,
சிவலட்சுமி


அரிப்பு
29.06.2023

யேசு மரி சூசை

சிவலட்சுமி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து அன்று போலவே அழகாக இருக்கிறது. அந்தக் கையெழுத்தை நான் மறக்கவில்லை.

பிள்ளை வந்தாள். மெலிந்து போயிருக்கிறாள். திருக்கை மீன் வறையோடு மூன்று தரம் சோறு போட்டேன், மிச்சம் வைக்கவில்லை. எப்படி வெளியே வந்தீர்கள் என்று கேட்டாள். ஒருநாள் கதவைத் திறந்து எல்லாரையும் போகச் சொன்னார்கள், அவருடைய உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன் என்றேன். "இதில ஒரு சண்டையும் இல்லையே, எப்பிடிப் படம் எடுக்கிறது" என்று தலையில் கை வைத்தாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு கேட்டாள், அம்மம்மாவை ஏன் போகச் சொன்னீர்கள் என்று. நான் பாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறவள். எழுபத்தைந்து வயதில் பொய் சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை. "அதை உன்ர அம்மம்மாட்டக் கேள்" என்றேன்.

அன்றைக்கு நான் உங்களிடம் என்ன சொல்லிவிட்டுத் தண்ணீருக்குப் போனேன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வாளியையும் நான்தான் கொண்டு போனேன்.

சிசிலியா


பாப்பாமோட்டை
13.08.2023

சிசிலியா அக்காவுக்கு,

"அம்மா" என்று எழுதியிருந்தீர்கள். முகாமில் "எடி லட்சுமி" என்பீர்கள். இனி அப்படித்தான் என்று விளங்கிக்கொண்டேன்.

அரிப்பிலிருந்து வந்த அன்றே துசாந்தினி கேட்டாள். தலையிடி என்றேன். அடுத்த நாள் விரதம் என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது.

முதல் பாகத்தில் கிழவியாக நடித்த மனுசி மகளோடு கொழும்புக்குப் போய்விட்டா. துசாந்தினி என்னை நடிக்கச் சொன்னாள். பெருமையாகத்தான் போனேன், மறைக்கவில்லை. சீலைக்கு மேலே வெள்ளித் தாளைச் சுற்றி ஆலைக்குள் நிற்பாட்டினாள். ஒளிச்சீட்டுக் கொடுக்கிற இடத்தைத் திரும்பவும் எடுக்க வேண்டுமாம். பக்கத்து வீட்டு நடராசாவின் பெண்சாதிதான் படத்தில் நீங்கள். அவ சீட்டை நீட்டி, "நீ போ" என்று சொல்ல வேண்டும், நான் வாங்க வேண்டும். மூன்று தரம் சொன்னா. எனக்குக் கை எழும்பவில்லை. "அம்மம்மா, கையை நீட்டுங்கோவன்" என்றாள் துசாந்தினி.

"அவ தரேல்லப் பிள்ளை. நான் எடுத்தனான்" என்றேன்.

எல்லோருக்கும் முன்னால் சொன்னேன். உங்களுக்கும் நான் ஒருநாளும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் தண்ணீர் வரிசைக்குப் போன பிறகுதான், பேர் எழுத வருவதாகச் சொல்லியிருந்த அந்த அதிகாரி தாளோடு வந்தார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர் கூடாரத்துக்கு ஒருவர், கூட ஒரு துணை, முதலில் வெளியே போகலாம் என்றார். என் எழுத்து நன்றாக இருக்கும் என்று எங்கள் வரிசையில் பதினொரு கூடாரத்துக்கும் என்னையே எழுதச் சொன்னார்கள். யாகப்பர் அண்ணன் காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தார். "அவையள் வந்தா எங்கட ரெண்டு பேரையும் எழுதிவிடு" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். பத்துக் கூடாரத்துக்கும் சரியாக எழுதினேன். எங்கள் கூடாரம் வந்தபோது என் பேரை எழுதினேன். ஐம்பத்தேழு வயதை அறுபத்தொன்று என்று எழுதினேன். துணை, துசாந்தினி. ஒரு எழுத்தும் கோணவில்லை.

நீங்கள் இரண்டு வாளியோடும் வந்து, "எழுதினியாடி?" என்று கேட்டீர்கள். "ஓம்" என்றேன். அந்த "ஓம்" தான் அக்கா. எழுதியதைக்கூடப் பிள்ளைக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த "ஓம்"முக்கு ஒரு நியாயமும் இல்லை.

நான் சொல்லி முடிந்ததும் துசாந்தினி படம் பிடித்துக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தாள். "என்னை வால் எண்டு கூப்பிட்டவர் அவர்தானே?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு நாள் தனக்கு மட்டும் சமைத்துச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள், இரண்டாம் பாகத்தில் கிழவி சீட்டைக் களவெடுக்கிறாள் என்று மாற்றப் போகிறேன், வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றாள். வேண்டாம், என் முகத்தையே வை என்றேன்.

கடைசியில் ஒரு சொல் எழுதி வெட்டியிருக்கிறேன். உங்களிடம் அதைக் கேட்க நான் யார்.

சிவலட்சுமி


பாப்பாமோட்டை
21.01.2024

அக்காவுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. அன்ரனி வருகிற நாளெல்லாம் மீன் வாங்குகிறேன், வெள்ளிக்கிழமையிலும் வாங்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன். அவனும், "கடிதம் ஒண்டும் இல்லை ஆச்சி" என்று தராசை எடுக்க முதலே சொல்லப் பழகிவிட்டான்.

படம் முடிந்துவிட்டது. இங்கே போட்டார்கள். இப்போது கிணற்றடியில் என்னைக் கண்டால் பெண்டுகள் கதையை நிற்பாட்டுகிறார்கள். நிற்பாட்டத்தான் வேண்டும். வருகிற ஞாயிறு பூசை முடிய அரிப்பு மண்டபத்தில் போடுகிறாள். நான் வரமாட்டேன். உங்களுக்குப் பார்க்க மனமில்லாவிட்டால் பார்க்க வேண்டாம். சொல்லாமல் வந்து போட்டதாக இருக்கக் கூடாது என்றுதான் எழுதினேன்.

சிவலட்சுமி


அரிப்பு
31.01.2024

யேசு மரி சூசை

சிவலட்சுமிக்கு,

போனேன். மருமகள் ஜெனிற்றா முன் வரிசையில் இருத்திவிட்டாள். காதுதான் போய்விட்டது, கண் இருக்கிறது. படத்தில் நான் கூரையை உடைத்து, காவல்காரனை உதைத்துவிட்டு, தண்ணீர்த் தாங்கியில் ஏறி ஆகாயத்துக்குப் போகிறேன். பஸ்ஸில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டும் எனக்கு. நன்றாகச் சிரித்தேன்.

அதற்கு முதல் நீ வந்தாய். வெள்ளித் தாளைச் சுற்றிக்கொண்டு, படுத்திருக்கிற மனுசனைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சீட்டை எடுத்துச் சட்டைக்குள் வைத்தாய். மண்டபம் முழுக்க உன்னை ஏசியது. நானும் ஏசினேன். செவிடிக்குத் தன் குரல் தெரியாதே, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். என்ன ஏசினேன் என்று எழுத மாட்டேன், பாதரும் அங்கே இருந்தார். பதினாலு வருசம் மனதுக்குள் ஏசியிருக்கிறேன், உன் முகத்தைப் பார்த்து ஏசக் கிடைக்கவில்லை. அன்று சுவரளவு முகம். வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

வெளியே வந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதை உனக்கு லேசாக்கித் தர என்னால் ஏலாது.

பிள்ளையோடு கோபிக்காதே. படம் முடிந்த பிறகு அவள் என் காலடியில் வந்து குந்தினாள். தலையைத் தடவி, "வால்" என்றேன். அழுதாள்.

அவரை அடக்கியது வவுனியாவில். இங்கே எங்கள் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், ஒரு சிலுவை நட்டு வைத்திருக்கிறேன். உப்புக் காற்றில் பேர் அழிந்துவிட்டது. கறுப்புப் பெயின்றும் சின்னத் தூரிகையும் வாங்கி வைத்திருக்கிறேன். தவக்காலம் தொடங்க முதல் வா. அறுவடை நேரம் என்று எழுதி அனுப்பாதே. வந்து அவருடைய பேரை எழுது.

வயது அறுபத்து நாலு. சரியாக எழுது.

சிசிலியா அக்கா