உருமா கட்டிய சித்தப்பாவும் மூன்றாம் ரிச்சர்டும்

பூவாசம் மாறாத கைகளை உடைய என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுக்கப் போகிறேன். ஊர் படிக்கட்டும். சித்தப்பாவும் படிக்கட்டும். கோபமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் மேலும்தான் கோபம்.

நூலகத்திலிருந்து இங்கிலாந்து ராஜாக்கள் புத்தகம் எடுத்து வந்தேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் மல்லிகை பறிப்பீர்கள், நான் வரப்பில் உட்கார்ந்து வாசிப்பேன். ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள், ஒன்றுக்கு வெள்ளை ரோஜா, இன்னொன்றுக்குச் சிவப்பு ரோஜா, சிம்மாசனத்துக்காக வெட்டுக்குத்து என்றதும் சிரித்தீர்கள்.

"ரோசாவுக்கா அம்புட்டுச் சண்ட? அவனுகள ஒருநா நம்ம திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டு வா தாயி."

பிறகு நான்காம் எட்வர்ட் வந்தார். சாகும்போது பன்னிரண்டு வயது மகனைத் தன் தம்பி ரிச்சர்டின் பொறுப்பில் விட்டுப் போனார். அந்தத் தம்பியே மகுடத்தை எடுத்துக்கொண்டு மூன்றாம் ரிச்சர்ட் ஆனான். கோட்டையில் வைத்த மகனையும் அவனுடைய தம்பியையும் அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திட்டினீர்கள். "கூறுகெட்ட ராசா! தம்பிய நம்பி விட்டுட்டுப் போயிருக்கான் பாரு." கூடையை மறுபடி எடுத்துக்கொண்டே கேட்டீர்கள். "ஆமா, அவனுக்குப் பொம்பளப் புள்ள இல்லையா?"

"மூத்ததே பொண்ணுதான்ப்பா. எலிசபெத்."

"அப்புறம் என்ன? அவ தலையில வைக்க வேண்டியதுதான!"

அப்படிச் சொன்ன நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என்ன செய்தீர்கள்? சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எல்லாத்தையும் நீதான்டா பாத்துக்கணும்" என்றீர்கள். நான் கால்மாட்டில்தான் நின்றேன். என் பக்கம் ஏன் திரும்பவில்லை?

நீங்கள் இறந்த பதினாறாம் நாள் உருமா கட்டு நடந்தது. கொள்ளி வைத்தவர் சித்தப்பா என்பதால் உருமாத் தலைப்பாகையும் அவருக்குத்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். கட்டியவர்தானே இனி வீட்டுக்குத் தலை? உருமாத் துணியோடு நின்ற மாமாவிடம் போனேன்.

"எனக்குக் கட்டுங்க மாமா. நான்தான அப்பாவுக்குப் புள்ள?"

"ஏத்தா, பொம்பளப் புள்ளைக்கு உருமாவா? போ, பந்திக்கு எல போடு."

பந்தலே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

சித்தப்பா உருமாவைக் கழற்றாமலே அம்மாவிடம் சொன்னார். "இனி தோட்டம் எம் பேருல ஓடட்டும் மதினி. புள்ளைக்குப் பத்தாவது போதும். மாப்பிள்ள பாத்துருவோம்."

எலிசபெத்துக்கும் அதுதானே நடந்தது? ரிச்சர்டைத் தோற்கடித்த சிவப்பு ரோஜாக் கிளையின் ஹென்றி, வெள்ளை ரோஜாக் கிளையின் அவளைக் கட்டிக்கொண்டான். இரண்டு ரோஜாவும் சேர்ந்துவிட்டதாம். அவளுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? நான் படித்த புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

மறுநாள் சித்தப்பா எழுவதற்குள் அம்மாவும் நானும் தோட்டத்துக்குப் போனோம். மொக்கு முழுவதையும் பறித்து முதல் பஸ்ஸில் ஏற்றினோம். திண்டுக்கல் மார்க்கெட்டில் நீங்கள் வழக்கமாகப் பூப் போடும் கமிஷன் கடையில் மூட்டையை இறக்கியபோது சித்தப்பா மொபட்டில் வந்து சேர்ந்தார்.

"யாரு பூ இது?" என்று கடைக்காரர் கணக்கில் பெயர் எழுத வழக்கம்போலக் கேட்டார்.

உங்கள் பெயரைச் சத்தமாகச் சொன்னேன். சித்தப்பா தன் பெயரைச் சொன்னார். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பறிச்சது யாரு?"

பந்தலில் வாய் திறக்காத அம்மா சொன்னாள். "நானும் எம் மகளும்."

"அப்பச் சரி. புள்ள சொன்ன பேருதான்."

சித்தப்பா இன்னும் விடவில்லை. இன்று காலைகூட நாங்கள் நுழையாதபடி தோட்டத்து வேலிப்படலைக் கட்டி வைத்திருந்தார். நான் அவிழ்த்துவிட்டுத்தான் பள்ளிக்கு வந்தேன். பிளஸ் ஒன் சேர்வேன். விடியலில் பூப் பறித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவேன். கொஞ்ச நாள் உங்கள் பெயரைச் சொல்வேன் அப்பா. அதற்குப் பிறகு கடையில் யார் கேட்டாலும் என் பெயரைத்தான் சொல்வேன். அப்போதாவது என் பக்கம் திரும்புங்கள்.

இப்படிக்கு,
உங்களுக்கு மூத்ததும் கடைசியுமான ஒரே பிள்ளை