கையில்லாத ரோமானியச் சிலை

ஞாயிறு, சேலையூர்.

அம்மாவை மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். கேளம்பாக்கம் முதியோர் இல்லத்தில் அவளுக்கு இடம் சொல்லி வைத்திருப்பதை இன்றாவது சொல்லிவிட நினைத்தேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு இடது கை அசையாது, நடக்கவும் முடியாது.

வெளிநாட்டிலிருந்து கண்காட்சிக்கு வந்த கிரேக்க, ரோமானியச் சிலைகள் இருந்த கூடத்தில், மூக்கும் கையும் உடைந்த ஒரு பெண் சிலையின் முன் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னாள்.

"வீட்ல சாமி சிலை பின்னமாச்சுன்னா நாம மரத்தடில வெச்சுட்டு வந்துடுவோம். இவங்க பாரு, லைட்டு போட்டு வெச்சிருக்காங்க."

"அது வேறம்மா" என்றேன்.

திரும்பும்போது ஆட்டோவிலும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. கேம்ப் ரோட்டில் அவளே கேட்டாள்.

"கேளம்பாக்கத்துல எனக்குத் தர்ற ரூம்ல ஜன்னல் இருக்கா?"

இருக்கும்மா என்றேன். அந்த அறையை நான் இன்னும் பார்க்கவே இல்லை.