என்ஜின் சூட்டு வெந்நீர்

12-1-1975

ஆஸ்பத்திரி என்ஜினில் நான் பொருத்திய குழாயை என்னைக் கேட்காமல் அறுத்துப் போட்டுவிட்டார்கள். அநியாயம் இது. மில் பாய்லரில் உழைத்து நானாகக் கற்றது: டீசல் என்ஜின் கரண்டும் கொடுக்கும், அதன் புகைக்குழாயைத் தண்ணீர்ப் பீப்பாய் வழியாக விட்டால் அந்தச் சூட்டில் வெந்நீரும் காயும். கரண்டு போகும்போதெல்லாம் அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் விளக்கும் எரிந்தது, பிள்ளை பெற்றவர்களுக்கு வெந்நீரும் கிடைத்தது. இனி அவ்வளவு சூடும் வீண்.

14-1

பொங்கல். சாப்பாடு இறங்கவில்லை. "அறுத்தது கொழாயத்தான, ஒன் கழுத்தயா?" என்கிறாள் வீட்டுக்காரி தையல்நாயகி. இவளுக்குமா புரியாது?

17-1

முத்தியால்பேட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரியை நடத்தும் கன்னியாஸ்திரி, எல்லோருக்கும் மாசேர், "அப்புறம் பேசலாம் மேஸ்திரி" என்று நகர்ந்துவிட்டார். என்ஜின் ஓட்டும் பாலகுரு என்னைக் கண்டதும் கிணற்றுப் பக்கம் நழுவினான். வார்டு வேலைக்காரி ரஞ்சிதம்தான் அடுப்பு ஊதியபடி சொன்னாள்.

"கோவிச்சுக்காத பெரியப்பா. கரண்டு இருக்கறப்பவே எஞ்சின போடச் சொல்லுவோம். பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி குடும்மான்னு அவ ஆத்தா வந்து நின்னா இல்லேன்னா சொல்றது? பாலகுருவும் போடுவான். அன்னிக்கு ஜெயத்துக்குப் பிள்ள பொறந்து ரத்தம் நிக்கல. கரண்டு போச்சு. டீசலு சொட்டு இல்ல, எல்லாம் வெந்நிக்கே தீந்துபோச்சு. மாசேரு டார்ச்சு வெளிச்சத்துல தையல் போட்டாங்க. மறுநாளே கொழாய அறுக்கச் சொல்லிட்டாங்க."

"பொழச்சாளா?"

"வார்டுலதான் கெடக்கறா. போய்ப் பாரு."

எட்டிப் பார்த்தேன். மரியாதைக்கு எழப் பார்த்தாள், முடியவில்லை. வந்துவிட்டேன்.

18-1

வெந்நீருக்காக என்ஜினா! விளக்குக்கு ஓடும்போது வீணாகிற சூடுதானடா அது! இத யாராவது சொல்லித் தரணுமா?

— தரணும் போலிருக்கு.

ஆனாலும் குழாய் மேல் குற்றமில்லை. அறுத்தது தப்புதான்.

21-1

மாசேரிடம் அதையே சொன்னேன். "நீங்க விடவே மாட்டீங்களா?" என்றார். மாட்டேன் என்றேன். அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேரும் என்ஜின் அறைக்கு நடந்தோம்.

24-1

நாளை:

குழாயை மறுபடி பற்றவைப்பது நான்.

பீப்பாய்க்கு அடியில் விறகடுப்பு கட்டுவதும் நான். கரண்டு இருக்கும் நாளில் வெந்நீர் அதில்தான்.

விறகு பிளப்பது பாலகுரு. முனகட்டும்.

என்ஜின் அறைச் சாவி மாசேர் இடுப்பில். கரண்டு போனால் மட்டும் திறக்க வேண்டும்.

யாருடைய ஆத்தா வந்து கேட்டாலும் இல்லையென்னாமல் அடுப்பை மூட்டுவது ரஞ்சிதம்.

அந்தக் குழாய் யார் வைத்தது, யார் சொல்லித் தராமல் விட்டது என்று ஜெயத்திடம் சொல்வது — நான்.