மட்டக்குளிக்கு வந்த குழாய்

வெள்ளவத்தை
7.3.1937

அன்புள்ள ராசிக்,

நாங்கள் நலம். உன் வீட்டில் ஹப்ஸாவும் பிள்ளைகளும் சுகந்தானே?

எங்கள் வெள்ளைக்காரத் துரை இன்று என்னைக் கூப்பிட்டார். கொழும்பு முழுவதற்கும் குடிநீர்க் குழாய் போடும் இலாகாவுக்கு என்னைத் தலைமை எஞ்சினியராக்க எண்ணியிருக்கிறாராம். அந்த நாற்காலியில் இதுவரை நம்மவர் யாரும் இருந்ததில்லை. ஒரு நிபந்தனை. தண்ணீர் கேட்டு மனுப் போடும் சங்கத்தின் தலைவரும் மனுவைப் பார்க்கும் உத்தியோகத்தரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. மட்டக்குளிச் சங்கத்தை விட வேண்டும்.

அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் படிக்கும் காலத்திலே நீயும் நானும் தொடங்கிய சங்கம், செயலாளர் நீ. உன்னைக் கேட்காமல் ஒப்பமிட மனம் வரவில்லை. "உங்கட உத்தியோகத்துக்கு ராசிக் அண்ணையின்ரை உத்தரவு வேணுமோ?" என்று அருந்ததி கேட்கிறாள். ஓம் என்றேன்.

உன்
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
10.3.1937

அன்புள்ள சிவம்,

அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் சுகம். உத்தரவு கொடுத்தாயிற்று என்று அருந்ததியிடம் சொல். இதற்கு ஒரு கடிதமா? கடைக்கு வந்து சொல்லியிருக்கலாம். வாப்பா மௌத்தானதும் நான் படிப்பை விட்டு இந்த இரும்புக் கடைக்கு வந்துவிட்டேன். நீயாவது அந்த நாற்காலியில் இரு.

சங்கத்தில் சொன்னபோது கைதட்டினார்கள். மட்டக்குளி ஆற்றங்கரை ஒழுங்கை நெடுகக் குழாய் போட நீயே வரைந்த படம் இருக்கிறதே, முதல் வேலையாக அதைக் கையில் எடு. பெண்கள் இன்னும் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடத்தில் தூக்குகிறார்கள்.

உன்
ராசிக்


வெள்ளவத்தை
2.11.1937

அன்புள்ள ராசிக்,

நான் எழுதப்போவது உனக்குப் பிடிக்காது. இந்த வருடம் ஒரு பகுதிக்குத்தான் குழாய் கிடைத்தது. அதைக் கிருலப்பனைக்கு ஒதுக்கி ஒப்பமிட்டுவிட்டேன். அங்கே கிணறுகள் கெட்டு நெருப்புக் காய்ச்சல் பரவியிருக்கிறது, பிள்ளைகள் சாகிறார்கள். மட்டக்குளியில் சிரமம் இருக்கிறது, சாவு இல்லை. அடுத்தது உங்கள் முறை.

அறிவித்தல் வருமுன் இதைச் சொல்வது முறையல்ல. உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

உன்
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
15.11.1937

அன்புள்ள சிவம்,

உன் காரணம் எனக்கு விளங்கியது. அறிவித்தல் வந்ததும், நேற்றுக் கூட்டத்தில் அதையே சொன்னேன். மீன்பிடிக்காரர் பக்கமிருந்து ஹியூபேட் எழும்பினான்.

"அவர்ட பொஞ்சாதிட அண்ணன் எங்க இருக்கிறார்? கிருலப்பனையில. புதுக் குழாய் அந்த வாசலாலதான் போகுது. செயலாளருக்கு இது தெரியுமா, தெரியாதா?"

"பொய்," என்றேன். "அப்பிடி இருந்தா எனக்குச் சொல்லியிருப்பான்."

சனம் அடங்கியது. உண்மையா, சிவம்? ஒரு வரி எழுது.

உன்
ராசிக்


வெள்ளவத்தை
17.11.1937

அன்புள்ள ராசிக்,

உண்மைதான். அருந்ததியின் தமையன் கனகசபாபதி வைகாசியில் அங்கே வீடு எடுத்தார். அவர் இல்லாவிட்டாலும் அதே இடத்துக்குத்தான் ஒப்பமிட்டிருப்பேன். அதனால் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்காக நீ சபையில் நிற்க வேண்டிவரும் என்பதை நினைக்காமல் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து நானே சொல்கிறேன். துரை என்ன செய்தாலும் செய்யட்டும்.

உன்
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
22.11.1937

அன்புள்ள சிவம்,

நீ வராதே என்று சனிக்கிழமை ஆள் அனுப்பியது இதற்காகத்தான்: நீ சங்க மேடையேறினால் துரையின் நிபந்தனையை மீறியதாகும், உத்தியோகம் போகும். பிறகு எங்கள் குழாய்க்கு ஒப்பமிட அந்த நாற்காலியில் யார் இருப்பார்?

"நான் சொன்னது பிழை. வீடு அங்கதான் இருக்கு. ஆனா அவன் களவு செய்யல்ல" என்று நானே சொன்னேன். பிந்திய பாதியை யாரும் கேட்கவில்லை. இப்போது ஹியூபேட்தான் செயலாளர். அவன் அனுப்பும் மனுக்களுக்கு ஒழுங்காகப் பதில் எழுது. எனக்கு எழுதாதே, உன் கடிதத்தைக் கடையில் கண்டாலே சனம் கதைக்கும். முதலில் குழாய் வரட்டும்.

உன்
ராசிக்


வெள்ளவத்தை
12.2.1939

அன்புள்ள ராசிக்,

குழாய் வந்துவிட்டது. இனி எழுதலாம் என்று எண்ணுகிறேன்.

இன்று காலை ஆற்றங்கரை ஒழுங்கையில் திறந்து வைத்தோம். ஹியூபேட் எனக்கு மாலை போட்டுப் பேசினான். சங்கத்துக்காக உழைத்தவர்களின் பெயரெல்லாம் சொன்னான். உன் பெயர் வரவில்லை. நான் எழும்பிச் சொல்லியிருக்க வேண்டும். துரை பக்கத்தில் இருந்தார். சொல்லவில்லை.

திரும்பும்போது காரைக் கொட்டாஞ்சேனையில் நிறுத்தினேன். நீ யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாய். தலை நரைத்துவிட்டது. எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். என்ன சொல்லிக்கொண்டு உள்ளே வருவது என்று தெரியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

உங்கள் எல்லோரையும் ஒருநாள் சாப்பிடக் கூப்பிடும்படி அருந்ததி சொல்கிறாள். வருவீர்களா?

உன்
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
20.2.1939

அன்புள்ள சிவம்,

உன்னை நானும் கண்டேன். நல்ல வெயிலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய். தெருவைக் கடந்து வருவாய் என்று, ஆணியை நிறுத்து முடித்த பிறகும் தராசை இறக்காமல் நின்றேன். "முதலாளி, நிறை சரிதானே?" என்று வாங்க வந்தவன் கேட்டான்.

ஹப்ஸாவுக்கு இப்போது அவ்வளவு தூரம் வருவது ஒத்துக்கொள்வதில்லை. விருந்துக்கு வர வசதிப்படாது. அருந்ததி மனவருத்தப்பட வேண்டாம்.

நேற்று மட்டக்குளிக்குப் போய் அந்தக் குழாயில் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர்.

ராசிக்