மூன்றாம் வாசலில் கேட்ட குரல்

மே 4, காலை

மூன்றாம் வாசல், ஒலிக் கண்காணிப்பு அறை. எழுதுவது முனைவர் வே. இசக்கிதுரை, ஒலியியல் ஆய்வாளர். இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலிடத்துக்கு நான் அனுப்பும் அறிக்கை வேறு, இது வேறு. அதை யாரும் படிப்பதில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காற்று தென்கிழக்கு. வேலியில் மின்சாரம் சீர். உள்மைக், அதாவது உள்பக்க மைக்ரோபோன், கோபுர உச்சியில் இருக்கிறது. வெளிமைக் வேலிக்கு அப்பால் இரண்டு கிலோமீட்டரில், கைவிட்ட உப்பளத்தின் நடுவே ஒரு கம்பத்தில் இருக்கிறது. இரண்டும் வேலை செய்கின்றன. கொக்கன்கள் பதினொன்று தென்பட்டன. அசைவு இல்லை.

கொக்கன் என்பது உப்பளத்துக்காரர்கள் வைத்த பெயர். காகிதத்தில் அது 'அயல் உயிரி, வகை இரண்டு'. எட்டு வருடத்துக்கு முன் வானத்திலிருந்து கடலில் விழுந்த பாறையோடு வந்தவை. பனைமர உயரம். பாத்தித் தண்ணீரில் நாள் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கும். கழுத்து முடியும் இடத்தில் தலை கிடையாது, ஒரு பிளவு மட்டும்தான். இதுவரை ஒரு சத்தம்கூட அவை போட்டதாகப் பதிவில்லை. வாய் திறக்காத பிராணியை ஒட்டுக்கேட்க எனக்குச் சம்பளம்.

வேலி கட்டிய அன்று உள்ளே வந்து சேராதவர்கள் எல்லாரும் 'வெளியாட்கள்' ஆகிவிட்டார்கள். கொக்கனுக்கும் அவர்களுக்கும் விதி ஒன்றே. சைரன் கேட்டால் வேலிக்கு வெளியே எது அசைந்தாலும் சுட வேண்டும். என் தங்கை பேச்சித்தாய் ஒரு வெளியாள்.

காகம் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கத்தியது. சோறு வைத்தேன். வைக்கும்வரை அது விடாது.

மே 9, பகல்

பேச்சிக்கு நுழைவுச்சீட்டு கிடைத்துவிட்டது. எட்டு வருடமாக நான் ஏறாத அலுவலகம் இல்லை. பதினைந்தாம் தேதி நண்பகலில் வாசலைத் திறப்பார்கள். நாற்பது பேர் வருகிறார்கள், அவளும் ஒருத்தி. நிவாரணப் படகு விட்டுப்போன வாக்கிடாக்கியில் கூப்பிட்டாள். அப்படியே எழுதுகிறேன்:

"அண்ணே... (இருமல்) நான் பேச்சிதான். சீட்டு வந்துட்டு. வாசலத் தொற, வந்துருதேன். மஞ்சச் சேல கட்டிட்டு வாரேன், தூரத்துலயே தெரியும்லா."

பதினாலு வயதிலிருந்து உப்பு வாரியவள். 'அண்ணே' என்றதும் ஒரு இருமல் வரும், அப்புறம்தான் பேச்சு. சின்ன வயதில் அவளை மாதிரியே இருமிக் காட்டி அடி வாங்கியிருக்கிறேன். இன்று இருமிக் காட்டத் தோன்றவில்லை, அழுகைதான் வந்தது.

கொக்கன்கள் இன்று வேலிக்குக் கொஞ்சம் நெருக்கத்தில் நிற்கின்றன. சத்தமில்லை.

மே 11, மாலை

நாலு மணிக்குச் சைரன் அடித்தது. குடிதண்ணீர்க் குழாய் வேலியோரம் ஒரு இடத்தில் கசிகிறது. அங்கே குடம் பிடிக்க வந்தவர்கள் ஆறு பேர். கோபுரத்து ஒலிபெருக்கியில் தளபதி நஞ்சப்பனின் குரல்:

"எல்லாரும் சுடுங்க. நிறுத்தாதீங்க. நான் சொல்ற வரைக்கும் சுடுங்க."

சுட்டார்கள். ஒரு பெண் குடத்தை மார்போடு அணைத்தபடி ஓடினாள். குண்டு குடத்தையும் துளைத்து அவளையும் துளைத்தது. தண்ணீரும் ரத்தமும் ஒன்றாக இறங்கின. ஒரு கிழவர் விழுந்த பிறகும் கையை உயர்த்திக்கொண்டே இருந்தார், அந்தக் கையையும் சுட்டார்கள். பார்வைத் துவாரத்தை விட்டு நான் நகரவில்லை. நகர்ந்திருக்கலாம்.

வெளியே விழுந்ததை உள்ளே கொண்டுவரக் கூடாது, தொற்று வருமாம். பொழுது சாய்வதற்குள் கொக்கன்கள் வந்தன. நிதானமாக, வரிசையில் வந்து, கழுத்தை வளைத்து ஒவ்வொன்றாகக் கவ்வின. எலும்பு முறியும் சத்தம் உள்மைக்கில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. எட்டு வருடத்தில் கொக்கனிடமிருந்து நான் பிடித்த முதல் ஒலி அது. பாராட்டுக் கடிதம் வந்தாலும் வரும்.

மே 12, காலை

தூங்கவில்லை. நேற்றைய பதிவை மறுபடி மறுபடி ஓட்டினேன். 

சைரன் கோபுரத்தில் இருக்கிறது. அது அடித்தால் முதலில் உள்மைக்கில் கேட்க வேண்டும். வெளிமைக்கில் ஆறு விநாடி கழித்து, மெலிந்து கேட்க வேண்டும். நேற்று வெளிமைக்கில்தான் முதலில் கேட்டிருக்கிறது. பலமாகவும் கேட்டிருக்கிறது. அதாவது அந்தச் சைரன் உப்பளத்துக்குள்ளிருந்து வந்திருக்கிறது.

பழைய பதிவுகளைத் தோண்டினேன். போன வருடம் வரை எல்லாம் நம் சைரன். இந்த வருடம் அடித்த ஒன்றுகூட நம்முடையது இல்லை. வேலி நெடுக ஏழு வாசல், ஏழு சைரன். ஒரு வாசலில் கேட்டால் பக்கத்து வாசலில் அடிக்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சைரன் ஒலிக்கும்போது வயர்லெஸ்ஸில் யாரும் பேசக் கூடாது என்பதும் விதி. சுட்டு முடித்தபின் யார் அடித்தது என்று கேட்பது கௌரவக் குறைச்சல். இப்படியே இத்தனை மாதம் ஓடியிருக்கிறது.

காகம் வந்து கத்தியது. கிண்ணத்தோடு எழுந்தவன் பாதி வழியில் நின்றுவிட்டேன். காகத்துக்கு நான் சோறு வைத்துப் பழக்கியதாக நினைத்திருந்தேன். அது கத்துகிறது, நான் எழுந்து ஓடுகிறேன். யார் யாரைப் பழக்கியது? சைரன் அடித்தால் வேலியோரம் இறைச்சி விழும் என்று கொக்கன்கள் கற்றுக்கொண்டன. அதன் பிறகு சைரன்போலவே கத்தி எங்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டன.

பதினைந்தாம் தேதி அவற்றின் முன்னால் நாற்பது பேர் நடந்து வரப்போகிறார்கள்.

மே 13, இரவு

மேலிடத்துக்குச் சொன்னேன். கோடை முடிந்ததும் ஒரு குழு அமைத்து ஆராய்வார்களாம். திறப்பைத் தள்ளிப்போட்டால் சீட்டு காலாவதியாகிவிடும், புதிய சீட்டுக்கு வருடக்கணக்காகும் என்றார்கள்.

நஞ்சப்பனிடம் போனேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மாட்டு வைத்தியத்துக்குப் படித்துவிட்டுக் காவல் வேலைக்கு வந்தவர். கெட்டவர் என்று நினைத்திருந்தேன். பதிவைப் போட்டுக் காட்டியதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த வருடம் எத்தனை தடவை சுட்டோம் என்று அவரே விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார், பாதியில் நிறுத்திவிட்டார்.

ஏற்பாடு இதுதான். திறப்பு நேரத்தில் சைரனின் பியூஸைப் பிடுங்கிவிடுவது. அதற்கு மேல் சைரன் கேட்டால் அது கொக்கன், யாரும் சுடக் கூடாது. ஆனால் சைரனும் வேலி மின்சாரமும் ஒரே பியூஸ். எந்தக் கான்டிராக்டரின் சிக்கனமோ தெரியவில்லை. அரை மணி நேரம் வேலி செத்துக் கிடக்கும். நஞ்சப்பன் ஒத்துக்கொண்டார். மாலையில் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு ஒன்று மட்டும் சொன்னார்:

"ஏனுங்க டாக்டர், உங்க தங்கச்சி வந்தா எம்பட கையால ஒரு வா தண்ணி குடுக்கோணும்ங்க. அதுக்கு மட்டும் அவங்க சம்மதிக்கோணும்."

மே 15, நண்பகல்

பியூஸ் பிடுங்கியாயிற்று. வாசல் தூக்கியாயிற்று. என் அறைக்கு வெளியே பத்தடியில்தான் அதைத் தூக்கும் சக்கரம். நஞ்சப்பன் கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலில் நிற்கிறார்.

கானலுக்குள்ளிருந்து வருகிறார்கள். மஞ்சள் தெரிகிறது. முன்வரிசையில். பேச்சி.

சைரன். வெளிமைக்கில் முதலில். யாரும் சுடவில்லை. ஒருத்தர்கூடச் சுடவில்லை. வருகிறவர்கள் தரையில் படுத்துவிட்டார்கள். நஞ்சப்பன் கையசைத்து வரச் சொல்கிறார். எழுந்து நடக்கிறார்கள். ஜெயித்துவிட்டோம்.

சைரன் நின்றுவிட்டது. அமைதி. கொக்கன்கள் அசைய

அதே நாள், மாலை

நடந்ததை எழுதிவிட வேண்டும்.

உப்பளத்திலிருந்து நஞ்சப்பனின் குரல் வந்தது. ஒலிபெருக்கியின் கரகரப்போடு, ஒரு எழுத்து மாறாமல். "எல்லாரும் சுடுங்க. நிறுத்தாதீங்க. நான் சொல்ற வரைக்கும் சுடுங்க."

கோபுரத்தில் இருந்தவர்களுக்குச் சைரனைப் பற்றித்தான் சொல்லியிருந்தோம். தளபதி குரல் கேட்டதும் அவர்கள் கை தானாக வேலை செய்தது. நஞ்சப்பன் வேண்டாம் வேண்டாம் என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வெளியே ஓடி, குறுக்கே நின்றார். அவர் ஆட்களே அவரை முதுகில் சுட்டார்கள். சொம்பு உருண்டு வாசலுக்குள்ளேயே வந்தது. நாற்பது பேரும் மடங்கி மடங்கி விழுந்தார்கள். மஞ்சள் சேலை ஒரு தடவை சுழன்று விழுந்தது. பார்த்தேன்.

பிறகு கொக்கன்கள் செத்த வேலியைத் தாண்டி ஒரே எட்டில் உள்ளே வந்தன. கோபுரத்து ஆட்களை ஜன்னல் வழியே கழுத்தை நுழைத்து இழுத்தன. ஒருவனை இரண்டு கொக்கன்கள் இரண்டு பக்கம் பிடித்தன. அவன் பிய்ந்தபின்னும் கொஞ்ச நேரம் சத்தம் கேட்டது. யாரோ கடைசி நேரத்தில் சக்கரத்தின் கொண்டியைத் தட்டிவிட்டிருக்கிறான், வாசல் விழுந்து மூடிக்கொண்டது. நான் இரும்புக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மேசைக்கடியில் கிடந்தேன்.

தாக்குதலில் கம்பிகள் அறுந்துவிட்டன, மின்சாரம் இல்லை. பதிவுக் கருவி மட்டும் பேட்டரியில் ஓடுகிறது. எந்த மைக்கில் முதலில் கேட்டது என்று பார்க்கும் கணினி செத்துவிட்டது.

என் பேச்சி போய்விட்டாள்.

மே 16, காலை

குரல் கேட்கிறது. சுவருக்குள்ளே கேட்பதுபோல் இருக்கிறது.

"அண்ணே... (இருமல்) நான் பேச்சிதான். வாசலத் தொற."

இருமல் அதே இடத்தில். அன்று வாக்கிடாக்கியில் கேட்டதே அப்படியே. சைரனைப் படித்தவை, நஞ்சப்பனைப் படித்தவை, இப்போது இவளையும் படித்துவிட்டன. எட்டு வருடம் அவற்றின் நடுவில் இருந்தவள், அவள் பேச்சை அவை கேட்டிருக்காதா?

நான் பதில் சொல்லவில்லை. சத்தம் போட்டால் நான் இருக்கும் இடம் தெரிந்துவிடும். பார்வைத் துவாரத்தில் உப்பளம்தான் தெரிகிறது, வாசலடி தெரியாது.

கெட்டிக்காரப் பிசாசுகளே, நான் ஏமாற மாட்டேன்.

மே 16, மாலை

நிறுத்தவில்லை. "அண்ணே... (இருமல்) தண்ணி தா." அவள் வாக்கிடாக்கியில் தண்ணீர் கேட்டதில்லை. ஆனால் குழாயடியில் செத்தவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்ட சொற்களை ஒட்டுப்போடக் கற்றுக்கொண்டிருக்கின்றன. விஞ்ஞானி என்ற முறையில் வியக்கிறேன். மனிதன் என்ற முறையில் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டேன்.

மே 17

பஞ்சையும் மீறிக் கேட்கிறது. மெலிந்துவிட்டது. "அண்ணே" வரைக்கும்தான் வருகிறது, பிறகு இருமல் மட்டும்.

போலியைக்கூட என்னால் தாங்க முடியவில்லை. சக்கரம் பத்தடிதான். கதவுவரை போய்த் தாழ்ப்பாளில் கையை வைத்தேன். வாசல் திறந்தால் உள்ளே எது வருமோ. விதி விதிதான் என்று வாய்விட்டே சொன்னேன். யார் குரல் அது, என்னுடையதா?

திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மே 18, பகல்

காலையிலிருந்து குரல் இல்லை. கொக்கன்கள் வேலிக்கு அப்பால் போய்விட்டன. துணிந்து வெளியே போய் ஜெனரேட்டரை ஓட்டிவிட்டு வந்தேன். நடையில் நஞ்சப்பனின் சொம்பு கிடந்தது. வாசலைத் தூக்கவில்லை.

கணினி வந்துவிட்டது. மூன்று நாள் பதிவும் இருக்கிறது. போலிக் குரல் எந்தப் பாத்தியிலிருந்து வந்தது என்று குறித்து வைக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

மே 18, பகல், தொடர்ச்சி

உள்மைக்கில்தான் முதலில் கேட்டிருக்கிறது.

மறுபடி பார்த்தேன். முதல் 'அண்ணே'யிலிருந்து கடைசி இருமல்வரை எல்லாமே உள்மைக்கில் மட்டும். வெளிமைக்கில் ஒன்றுமே இல்லை.

வாசலடியில் இருந்திருக்கிறாள். வாசல் கதவுக்கு அந்தப் பக்கம். சாகவில்லை, விழுந்துதான் இருந்திருக்கிறாள். அங்கிருந்து வாசல்வரை ஊர்ந்து வந்திருக்கிறாள். தண்ணீர் கேட்டிருக்கிறாள். அந்த இருமல் அவளுடைய இருமல். அவள் எப்போது பேசினாலும் அதே இடத்தில்தானே இருமுவாள், அடப்பாவி, உனக்குத் தெரியாதா?

ரெண்டு நாள்.

மே 18

போய்ப் பார்த்தேன். வாசலைத் தூக்கினேன். மஞ்சள் சேலையைக் கிழித்துத் தொடையில் கட்டுப்போட்டிருந்தாள், இறுக்கமாக, ஒழுங்காக. பிழைக்கத்தான் வந்திருக்கிறாள். சீட்டு கையில் இருந்தது. கதவின் அடியில் விரலால் தோண்டியிருக்கிறாள். நகம் இல்லை.

சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் வாயில் ஊற்றினேன். வழிந்துவிட்டது.

உள்ளே தூக்கி வந்து படுக்க வைத்திருக்கிறேன். வெளியே விழுந்ததை உள்ளே கொண்டுவந்துவிட்டேன், மேலிடத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்.

மே 19

காகம் வரவில்லை. சோறு வைத்தேன். வரவில்லை.

பேச்சி இங்கே என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். முகத்தைத் துணியால் மூடியிருக்கிறேன்.

வெளியே பேச்சி கூப்பிடுகிறாள்.

"அண்ணே... (இருமல்) நான் பேச்சிதான். வாசலத் தொற."

வெளிமைக்கில்தான் முதலில் கேட்கிறது. ஆறு விநாடி கழித்து இங்கே. தெரியும். எனக்குத் தெரியாதா? கணினி பார்க்க வேண்டியதே இல்லை.

ஒரு தடவை கூப்பிட்டபோது நான் போகவில்லை.

சொம்பை நிரப்பிக்கொண்டேன். வாசல் தூக்கியேதான் இருக்கிறது. மறுபடியும் கூப்பி

இந்தா வந்துட்டேம்மா