நான் எழுதிய மன்னிப்புக் கடிதம்

செவ்வாய், இரவு.

எழுத வேண்டியவை: 1. கம்பெனி வக்கீலின் சிரிப்பு. 2. என் வக்கீலின் புத்திமதி. 3. நான் பொய் சொல்லவில்லை.

ஆயக்குடியில் கட்டடப் பொறியாளராக நான் வரைந்து கொடுத்த கொய்யாக் கிடங்கின் சுவர் சரிந்தபோது, உரிமையாளர் பீர் முகமதுவுக்கு "என் கவனக்குறைவு, மன்னியுங்கள்" என்று எழுதினேன். காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்காமல் தவறை ஒப்புக்கொண்டால் என் தொழில் பொறுப்புக் காப்பீடு கிடைக்காது என்பதைப் பிறகுதான் பாலிசியில் படித்தேன். அது வெறும் மரியாதைக் கடிதம் என்று, எங்கள் தகராறை விசாரித்த நடுவர் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதை ரத்து செய்யச் சொல்லிக் கம்பெனி திண்டுக்கல் கோர்ட்டுக்கு வந்திருக்கிறது.

இன்று அவர்களுடைய வக்கீல் என் கடிதத்தை ராகம் போட்டு வாசித்தார். சிலர் சிரித்தார்கள். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டார். "கோவிச்சுக்காதீங்க பெரியவரே. இம்புட்டு உருக்கமா எழுதினா வாசிக்கத்தானே செய்வோம்." அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன்.

என் வக்கீலும் அவரைவிட மேலில்லை. "கோர்ட் மறுபடி முதல்லருந்து விசாரிக்காது சார். யாரு கேட்டாலும் மரியாதைக்கு எழுதுனேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

பக்கத்தில் பீர் முகமது நின்றார். இந்தத் தீர்ப்பு நின்றால்தான் அவர் சுவர் எழும். "மரியாதைக்குத்தானுங்களே சார்?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அந்தக் கடிதத்தை எழுதும் முன் என் கணக்கை இரண்டு முறை சரிபார்த்திருந்தேன். அஸ்திவாரத்தின் அகலத்தைக் குறைத்துப் போட்டது நான்தான்.

வாய் திறக்கவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்பதால் மேலே பட்டியலில் மூன்றாவதை அப்படி எழுதினேன். அது தவறு.